விமானம் வந்துகொண்டே இருந்தது, விமானி வரவில்லை: இத்தாலியில் பிரேசிலின் போர் விமானப் பிரிவு

இரண்டாம் உலகப் போரில் இத்தாலி வானில் பிரேசில் கொடியின் கீழ் போர் விமானத்தில் போர்ப் பயணம் பறந்த விமானிகள் மொத்தம் 48 பேர். போர் முடியும்போது அவர்களில் 22 பேர் களத்தில் இல்லை. 5 பேரைத் தரையிலிருந்து சுட்ட பீரங்கிகள் கொன்றன. 8 பேர் விமானம் அடிபட்டு எதிரிப் பகுதியில் பாராசூட்டில் குதித்தார்கள். 3 பேர் விபத்துகளில் இறந்தார்கள். 6 பேரை இனிப் பறக்கக்கூடாது என்று மருத்துவர்கள் நிறுத்தினார்கள். ஆறு மாதத்துக்குள் ஏறத்தாழ பாதிப் பேர் போய்விட்டார்கள்.

அதே ஆறு மாதத்தில் அந்தப் பிரிவுக்கு விமானப் பஞ்சம் வரவில்லை. குண்டுக்கோ பெட்ரோலுக்கோ உதிரிபாகத்துக்கோ அது காத்துக் கிடக்கவில்லை. ஒரு விமானம் விழுந்தால் அமெரிக்கக் கிடங்கிலிருந்து இன்னொன்று வரும். விழுந்த விமானிக்குப் பதிலாக இன்னொருவர் வருவதுதான் அரிதாக இருந்தது. பெரிய நாட்டோடு சேர்ந்து அயல்மண்ணில் போரிடப் போகும் சிறிய விமானப்படைக்கு எது கிடைக்கும், எது கிடைக்காது என்பதை இந்தப் பிரிவின் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது.

பிரேசில் நிலப்பரப்பில் சிறிய நாடு அல்ல. ஆனால் 1942இல் அதன் விமானப்படை வெறும் ஒன்றரை வயதுக் குழந்தை. தரைப்படையின் விமானங்களையும் கடற்படையின் விமானங்களையும் ஒன்றாக்கி 1941 ஜனவரி 20 அன்றுதான் அதைத் தனிப் படையாக உருவாக்கினார்கள். 1942 ஆகஸ்ட் நடுவில் ஜெர்மனியின் யு-507 நீர்மூழ்கி, பிரேசில் கரையோரமாகச் சென்ற பயணிக் கப்பல்களையும் சரக்குக் கப்பல்களையும் சில நாட்களுக்குள் அடுத்தடுத்து மூழ்கடித்தது. 600க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். தெருவில் மக்கள் கொதித்தார்கள். ஆகஸ்ட் 22 அன்று அரசு போர் அறிவித்தது. விமானப்படையின் முதல் வேலை கடற்கரையைக் காப்பது. இத்தாலிக்கு ஒரு போர் விமானப் பிரிவை அனுப்புவது அதன் பிறகு வந்த முடிவு.

1943 டிசம்பர் 18 அன்று முதலாவது போர் விமானப் பிரிவு தொடங்கப்பட்டது. தலைவர் நேரோ மோரா. அலுவலர்கள், மெக்கானிக்குகள், ஆயுதம் ஏற்றுவோர், மருத்துவர்கள் எல்லாம் சேர்த்து 350 பேருக்குப் பக்கம். பறப்பவர்கள் நாற்பத்துச் சொச்சம். முதலில் பனாமாவின் அகுவாடுல்சே தளத்தில் பி-40 விமானத்தில் பயிற்சி. 1944 ஜூனில் அமெரிக்காவின் லாங் ஐலண்டில் உள்ள சஃபோக் தளத்துக்குப் போய் பி-47 தண்டர்போல்ட்டுக்கு மாறினார்கள். செப்டம்பர் 10 அன்று கப்பல் ஏறி, அக்டோபர் 6 அன்று இத்தாலியின் லிவோர்னோ துறைமுகத்தில் இறங்கினார்கள். முதல் போர்ப் பயணம் அக்டோபர் 31 அன்று. ஆக, பிரிவு தொடங்கிய நாளிலிருந்து முதல் குண்டு விழும் வரை பத்தரை மாதம். அதுவும் ஏற்கனவே விமானம் ஓட்டத் தெரிந்தவர்களை வைத்து. பின்னால் வரும் தட்டுப்பாட்டைப் புரிந்துகொள்ள இந்தப் பத்தரை மாதத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

பெயரில் ஒரு குழப்பம் உண்டு. அமெரிக்க வழக்கில் 'குரூப்' என்றால் மூன்று ஸ்குவாட்ரன் சேர்ந்தது. பிரேசில்காரர்கள் தங்களை 'குரூப்' என்றுதான் அழைத்தார்கள், ஆனால் அளவில் அவர்கள் ஒரே ஒரு ஸ்குவாட்ரன். அமெரிக்காவின் 350வது போர் விமானக் குரூப்பில் 345, 346, 347 என்று ஏற்கனவே மூன்று ஸ்குவாட்ரன்கள் இருந்தன. பிரேசில் பிரிவு அவற்றோடு நான்காவதாகப் போய்ச் சேர்ந்தது. அதற்கு மேலே 62வது விங், அதற்கும் மேலே 22வது தந்திரோபாய விமானக் கமாண்ட். இன்று எந்தப் பாலம், எந்த ரயில் பாதை என்ற முடிவு அங்கிருந்து இறங்கி வரும். யார் பறப்பது, யாரை எந்த அணியில் போடுவது, யாருக்கு ஓய்வு என்பதெல்லாம் நேரோ மோரா கையில். மருத்துவர்களும் பிரேசில்காரர்களே. ஜனாதிபதி கெடூலியோ வார்கஸின் மகன் லூதெரோ அவர்களில் ஒருவர்.

வானொலியில் இவர்களின் அழைப்புப் பெயர் 'ஜாம்பாக்'. தங்களுக்குள் போர்ச்சுகீசியம், தரைக் கட்டுப்பாட்டோடு ஆங்கிலம். விமானத்தில் பிரேசிலின் பச்சை மஞ்சள் நட்சத்திரம், அதன் இரு பக்கமும் அமெரிக்க வெள்ளைப் பட்டைகள். தூரத்திலிருந்து பார்க்கும் நண்பர்கள் தவறிச் சுட்டுவிடக் கூடாது, அருகில் வந்தால் எந்த நாடு என்று தெரிய வேண்டும். இரண்டுக்கும் இடம் விட்ட வடிவம் அது. எஞ்சின் மூடியின் பக்கவாட்டில் கையில் துப்பாக்கியோடு ஒரு நெருப்புக்கோழி. இத்தாலிக்கு வரும் கப்பலில் ஃபொர்துனாத்தோ காமரா என்ற விமானி வரைந்தது. அமெரிக்கச் சமையல் எதைப் போட்டாலும் செரித்துவிடும் வயிறு என்பதால் நெருப்புக்கோழி. கீழே 'சென்டா ஆ பூவா' என்ற முழக்கம். 'போட்டுத் தாக்கு' என்பதற்குப் பக்கத்தில் வரும்.

ஓட்டிய விமானத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எத்தனை பேர் உயிரோடு திரும்பினார்கள் என்பது அதில் இருக்கிறது. பி-47 அன்றைய ஒற்றை எஞ்சின் போர் விமானங்களில் மிகக் கனமானவற்றில் ஒன்று. எரிபொருளும் தோட்டாவும் ஏற்றினால் ஆறரை டன்னைத் தாண்டும். 18 சிலிண்டர், 2,000 குதிரைத்திறனுக்கு மேல். முக்கியமான செய்தி, அது காற்றால் குளிரும் எஞ்சின். தண்ணீரால் குளிரும் எஞ்சினில் ரேடியேட்டரிலோ குழாயிலோ ஒரு சிறு சில்லு பட்டால் போதும், சில நிமிடத்தில் எஞ்சின் சூடேறி நின்றுவிடும். தண்டர்போல்ட்டில் ஒழுகுவதற்குத் தண்ணீரே இல்லை. ஒரு சிலிண்டரே சிதைந்த நிலையிலும் எண்ணெயைக் கக்கிக்கொண்டு வீடு வந்து சேர்ந்த தண்டர்போல்ட்டுகள் உண்டு. எண்ணெய் இருக்கும் வரைதான் அந்த உயிர். எண்ணெய் அழுத்தம் விழத் தொடங்கினால் எவ்வளவு நேரம் ஓடும் என்று யாராலும் சொல்ல முடியாது.

இறக்கைக்கு நான்காக எட்டு இயந்திரத் துப்பாக்கி, ஒவ்வொன்றும் 12.7 மில்லிமீட்டர். ஒரு துப்பாக்கி நிமிடத்துக்குச் சுமார் 800 தோட்டா சுடும். எட்டும் சேர்ந்தால் நொடிக்கு நூற்றுக்கு மேல். பெட்டி நிறைய ஏற்றினால் துப்பாக்கிக்கு 425 தோட்டா. குண்டும் தூக்கிச் செல்ல வேண்டிய நாளில் 267 மட்டும். 267ஐ வைத்துக் கணக்குப் போட்டால் மொத்தச் சுடும் நேரம் 20 நொடி. இரண்டு மணி நேரப் பயணத்தில் 20 நொடி! ஆகவே விசையை அழுத்துவது எப்போதும் இரண்டு மூன்று நொடிதான். நீளமாக அழுத்தினால் குழல் சூடேறித் தோட்டா சிதறும், துப்பாக்கி சிக்கிக்கொள்ளும். திரும்பும் வழியில் லாரி வரிசை கண்ணில் பட்டால் பெட்டி காலியாக இருக்கும்.

இறக்கைகளின் கீழே ஆளுக்கு இரண்டு 500 பவுண்ட் குண்டு, அதாவது ஒவ்வொன்றும் 227 கிலோ. ஒரு சாதாரணப் பாலத் தாக்குதல் இப்படிப் போகும். எட்டு விமானம், நான்கு நான்காக இரண்டு அணி. ஏறத்தாழ மூன்றாயிரம் மீட்டர் உயரத்தில் இலக்கை நெருங்குவார்கள். தலைவர் இலக்கை இறக்கை ஓரமாகக் கடக்க விட்டு, விமானத்தைக் கவிழ்த்து, செங்குத்துக்குச் சற்றே குறைந்த சாய்வில் பாய்வார். மற்றவர்கள் சில நொடி இடைவெளியில் ஒருவர் பின் ஒருவராக. ஆயிரம் மீட்டருக்குச் சற்றுக் கீழே வரும்போது குண்டை விட்டு மேலே இழுக்க வேண்டும். பாலம் நீளமானது, ஆனால் குறுகலானது. குறுக்காகப் பாய்ந்தால் கொஞ்சம் முன்னே பின்னே போனாலும் குண்டு ஆற்றில் விழும். நேராகப் பாலத்தின் நீள வாக்கில் வந்தால் பக்கவாட்டில் சிறு பிழை போதும், அதுவும் ஆற்றில். இரண்டுக்கும் நடுவே சிறு கோணத்தில் சாய்ந்து வருவதுதான் பலரும் கைக்கொண்ட வழி. எப்படி வந்தாலும் பாலத்தின் இரு முனையிலும் பீரங்கி காத்திருக்கும். எந்தப் பக்கமிருந்து வருவார்கள் என்று அந்தப் பீரங்கிக்காரர்களுக்கும் தெரியும்.

பாய்ச்சலில் வரும் பிழைகளில் கொடியது தாமதம். ஏழு டன்னுக்கு நெருக்கமான விமானம் மணிக்கு 600 கிலோமீட்டருக்கு மேல் கீழே வரும்போது, ஒரு நொடித் தாமதம் என்பது 170 மீட்டர். குறியிலேயே கண்ணை வைத்து உயரத்தை மறந்தால் குண்டு சரியாக விழும், கூடவே விமானமும் விழும். 1945 ஜனவரி 27 அன்று ரைமுண்டோ கனாரியோ தாழப் பறந்து தாக்கும்போது ஒரு தொழிற்சாலைப் புகைபோக்கியில் இறக்கையை இடித்தார். வலது இறக்கையில் ஒரு மீட்டருக்கும் அதிகமான நுனி காணாமல் போயிற்று. அப்படியே பீசாவுக்குத் திரும்பி இறங்கினார். தண்டர்போல்ட் அல்லாத வேறு விமானத்தில் அந்தப் பயணம் முடிந்திருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. இறக்கை நுனி போனால் அந்தப் பக்கம் தூக்கும் விசை குறையும், விமானம் ஓயாமல் வலப்புறம் சாயும். வழி நெடுக இடப்பக்கமாகக் குச்சியை அழுத்திப் பிடித்துக்கொண்டே, வழக்கத்தைவிட வேகமாகத் தரையிறங்க வேண்டும். வேகம் குறைந்தால் அந்த இறக்கை முதலில் கைவிட்டுவிடும்.

இன்னொரு ஆபத்து வெற்றியிலிருந்தே வரும். வெடிமருந்துக் கிடங்கையோ வெடிமருந்து லாரியையோ தாழப் பறந்து சுட்டால் அது வெடித்து எழும் தீக்கோளத்துக்குள்ளேயே சுட்டவர் நுழைய வேண்டிவரும். 1945 ஏப்ரல் 13 அன்று ஃப்ரெடெரிக்கோ டோஸ் சாண்டோஸ் அப்படித்தான் ஒரு வெடிமருந்துக் கிடங்கைத் தாக்கும்போது இறந்தார். கூரைக்குக் கீழே என்ன இருக்கிறது என்று மேலிருந்து பார்ப்பவருக்குத் தெரியாது.

வானில் ஜெர்மன் விமானங்கள் அநேகமாக இல்லை. அதனால் இந்தப் பிரிவின் கணக்கில் விமானச் சண்டை வெற்றி என்று சொல்ல எதுவும் கிடையாது. அதை வைத்து இவர்களின் போர் எளிது என்று யாராவது சொன்னால் அது பெரிய தவறு. விமானத்தோடு விமானம் மோதும் சண்டையில் திறமைக்கு இடம் உண்டு. 20 மற்றும் 37 மில்லிமீட்டர் பீரங்கிகள் பள்ளத்தாக்கின் இரு சரிவிலும் இருந்து, சில இடங்களில் மேலிருந்து கீழே சுடும்போது, நடுவே ஆற்றோரமாகப் பறப்பவருக்குத் திறமை ஓரளவுக்குத்தான் கைகொடுக்கும். ஒரே இலக்குக்கு இரண்டாம் முறை திரும்பாதே என்பது எல்லோரும் அறிந்த விதி. முதல் முறை பீரங்கிக்காரன் திடுக்கிடுவான், இரண்டாம் முறை காத்திருப்பான். ஆனால் பாதி எரியும் ரயிலை விட்டுவிட்டு வர எல்லா விமானிக்கும் மனம் வராது.

இழப்பு உடனே தொடங்கியது. நவம்பர் 6 அன்று கொர்தெய்ரோ பீரங்கிக்குப் பலியானார். மறுநாள் சாப்புகாயா பயிற்சிப் பறப்பில் இறந்தார். 16ஆம் தேதி ஒரு வான்மோதலில் வால்டிர் பெக்கேனோவும் ரோலண்ட் ரிட்மைஸ்டரும் போனார்கள். இவை எல்லாம் முதல் 17 நாளுக்குள். நவம்பர் 11 முதல் பிரிவு அமெரிக்க அணிகளோடு கலந்து பறப்பதை விட்டுத் தன் சொந்த அணியாகப் பறக்கத் தொடங்கியிருந்தது. டிசம்பரில் தன் முதல் தளமான டார்க்குவீனியாவிலிருந்து பீசாவுக்கு மாறியது. முன்னணிக்கு அது நெருக்கம். அதே எரிபொருளில் இலக்கின் மேல் கூடுதல் நேரம் நிற்கலாம், ஒரே நாளில் இரண்டு முறையும் போகலாம். ஜனவரி 2 அன்று மெதெய்ரோஸ் அடிபட்ட விமானத்திலிருந்து பாராசூட்டில் குதித்தார், இறங்கிய இடத்தில் உயர் அழுத்த மின்கம்பி, அதில் இறந்தார். 22 அன்று ஔரேலியோ சம்பாயோ பலியானார். பிப்ரவரியில் தலைவரின் தம்பி டனிலோ மோரா எதிரிப் பகுதியில் விழுந்தார். அவர் மட்டும் நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நடந்தே தன் தளத்துக்கு வந்து சேர்ந்தார்.

தொடக்கத்தில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என நான்கு அணி, அணிக்கு ஏறத்தாழப் பன்னிரண்டு விமானி. ஆள் குறையக் குறைய ஓர் அணியைக் கலைத்து மீதமிருந்தவர்களை மற்ற மூன்றில் நிரப்பினார்கள். பக்கத்து அமெரிக்க ஸ்குவாட்ரனில் ஒருவர் தன் சுற்றை, அதாவது தன் பங்குக்கான போர்ப் பயணங்களை, முடித்ததும் வீடு போவார், இடத்துக்குப் புதியவர் வருவார். அதற்குப் பின்னால் ஆண்டுக்குப் பல்லாயிரம் விமானிகளை வெளியே அனுப்பும் பயிற்சிப் பள்ளிகள் இருந்தன. பிரேசிலுக்கு அப்படி ஒரு குழாய் கிடையாது. ஊரில் இருந்த அனுபவசாலிகள் கடல் ரோந்துக்கும் பயிற்சி தருவதற்கும் வேண்டும். தண்டர்போல்ட்டைப் பழகும் இடமோ அமெரிக்காவில். அந்தப் பத்தரை மாதத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். ஏப்ரலில் பீசாவில் ஒரு மாற்று விமானி நிற்க வேண்டுமென்றால் முந்தைய கோடையிலேயே அவரைக் கப்பலேற்றிப் பயிற்சிக்கு அனுப்பியிருக்க வேண்டும். அந்தக் கோடையில் பிரிவு இன்னும் போரையே பார்க்கவில்லை. எத்தனை பேர் விழுவார்கள் என்ற எண்ணும் யாரிடமும் இல்லை. மாற்று ஆட்கள் வந்தார்கள், வந்தது சிலர். அதனால் இவர்களுக்குச் 'சுற்று முடிந்தது' என்ற ஒன்றே இல்லை. போர் முடியும் வரை, அல்லது உடல் முடியும் வரை பறக்க வேண்டும். மருத்துவர்கள் நிறுத்திய அந்த 6 பேரை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். தட்டுப்பாடு கழுத்தை நெரிக்கும்போதும் ஒருவரை 'இனிப் போகாதே' என்று உட்கார வைப்பது சாதாரண முடிவு அல்ல.

1944 நவம்பர் 11 முதல் போர் முடிவு வரை 445 தாக்குதல்கள், தனித்தனி விமானப் பயணமாக எண்ணினால் 2,550, பறந்த நேரம் 5,465 மணி. வகுத்துப் பார்த்தால் ஒரு பயணம் சராசரி ஏறத்தாழ இரண்டு மணி ஒன்பது நிமிடம், ஒரு தாக்குதலுக்குச் சராசரி ஆறு விமானம்கூட இல்லை. எட்டு போக வேண்டிய இடத்துக்கு நான்கு போன நாட்கள் அதில் மறைந்திருக்கின்றன.

1945 ஏப்ரல் 22. வடக்கு இத்தாலியின் போ நதிப் பள்ளத்தாக்கில் ஜெர்மன் படை வடக்கே ஓடத் தொடங்கியிருந்தது. அதுவரை இரவில் நகர்ந்து பகலில் மரத்தடியில் ஒளிந்திருந்த லாரிகள் பட்டப்பகலில் சாலைக்கு வந்துவிட்டன. காலை 8.30 முதல் ஐந்து நிமிட இடைவெளியில் மூன்று அணிகளும் சான் பெனெடெட்டோ பகுதிப் பாலங்களையும் படகுகளையும் நோக்கிப் புறப்பட்டன. 10 மணிக்கு இன்னோர் அணி மாண்டுவாவுக்குத் தெற்கே சாலைகளைத் தேடிப் போனது. மாலைக்குள் 11 தாக்குதல், 44 விமானப் பயணம். பறக்கக்கூடியவர்கள் இருபத்திரண்டு பேர் அளவில்தான். சராசரியாகத் தலைக்கு இரண்டு. தரையில் மெக்கானிக்குகளுக்கு அது இன்னும் கடினமான நாள். விமானம் இறங்கி நின்றதும் பெட்ரோல், எண்ணெய், எட்டுத் துப்பாக்கிக்கும் தோட்டாச் சரம், இரண்டு குண்டு, குண்டு மூக்கில் அதை வெடிக்கவைக்கும் ஃப்யூஸ். இறக்கையில் ஓட்டை இருந்தால் தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். தாழப் பறந்து போடும் குண்டுக்குத் தாமத ஃப்யூஸ்தான் வேண்டும். உடனடி ஃப்யூஸை மாற்றிப் போட்டுவிட்டால் குண்டுச் சிதறல் போட்டவரின் வயிற்றிலேயே பாயும். அவசரத்தில் இந்த ஒன்றைத் தவறவிடக் கூடாது.

22வது கமாண்டின் ஏப்ரல் 6 முதல் 29 வரையிலான கணக்கு பலரும் எடுத்துக்காட்டுவது. கமாண்டின் மொத்தப் பயணங்களில் பிரேசில் பிரிவு பறந்தது 5 சதவீதம். ஆனால் அழிக்கப்பட்ட வெடிமருந்துக் கிடங்குகளில் 85 சதவீதம், எரிபொருள் கிடங்குகளில் 36, பாலங்களில் 28, மோட்டார் வாகனங்களில் 15 சதவீதம் இவர்கள் கணக்கில். இந்த எண்களைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். இவை விமானிகள் திரும்பி வந்து சொன்னதை அடிப்படையாகக் கொண்டவை, எல்லாப் படையிலும் அப்படிப்பட்ட கணக்கு கூடுதலாகவே இருக்கும். கிடங்கு போன்ற எண்ணிக்கை குறைந்த இலக்கில் ஓரிரு நல்ல நாளே சதவீதத்தை மேலே தூக்கிவிடும். அவ்வளவையும் கழித்தாலும் 5க்கும் 28க்கும் இடையே உள்ள தூரம் தற்செயல் அல்ல. என் கணிப்பில் காரணம் அந்தத் தட்டுப்பாட்டுக்குள்ளேயே இருக்கிறது. ஏப்ரலில் மிஞ்சியிருந்தவர்களில் பலர் அதே பள்ளத்தாக்கின் மேல் எண்பது, தொண்ணூறு முறை பறந்தவர்கள். எந்த வளைவில் பீரங்கி, எந்த மரக்கூட்டம் இயற்கையானது, எது போன வாரம் இல்லாதது என்று வரைபடம் இல்லாமலே தெரியும். அமெரிக்க அணிகளில் அனுபவசாலி வீடு போய்க்கொண்டும் புதியவர் வந்துகொண்டும் இருந்தார். இங்கே சுற்று முடிந்து ஒருவரும் வீடு போகவில்லை. அவர்களைத் தின்ற அதே வழக்கம்தான் அவர்களைக் கூர்மையாக்கியது.

அப்படி 89 முறை பறந்த லூயிஸ் லோப்பெஸ் டோர்னெல்லெஸ் ஏப்ரல் 26 அன்று பீரங்கிக்கு விழுந்தார். மூன்று நாள் கழித்து இத்தாலியில் சரணாகதி கையெழுத்தாயிற்று, மே 2 அன்று நடைமுறைக்கு வந்தது. 350வது குரூப்பின் தலைவர் கர்னல் ஏரியல் நீல்சன் பிரேசில் பிரிவுக்கு அமெரிக்க ஜனாதிபதியின் படைப்பிரிவுப் பாராட்டைப் பரிந்துரைத்தார். அது கையில் வந்தது 1986 ஏப்ரலில், 41 ஆண்டு தாமதமாக. ஏப்ரல் 22ஐ பிரேசில் இன்றும் போர் விமானிகள் நாளாகக் கொண்டாடுகிறது.

1945 ஜூலையில் நேரோ மோராவும் அவரது விமானிகளும் புதிய தண்டர்போல்ட்டுகளை அமெரிக்காவிலிருந்து தாங்களே ஓட்டிக்கொண்டு ரியோ டி ஜெனீரோவில் இறங்கினார்கள். பிரிவு அந்நகரின் மேற்கே சாந்தா குரூஸ் தளத்தில் குடியேறியது. இத்தாலியில் பறந்தவர்கள் அங்கே ஏற்றுக்கொண்ட முக்கியமான பணி, அடுத்த தலைமுறைப் போர் விமானிகளைப் பயிற்றுவிப்பது.